ஐந்து நிலைப்படிகளும் ஒரு ஜால்ராவும்

"அம்மா, நட. நான் பாக்கறேன்."

போனுக்குள்ளிருந்து என் மகன் ஹரி சொல்கிறான். பெங்களூரில் அவனுக்கு ஆபீஸ் முடிகிற நேரம், திருவனந்தபுரத்தில், கரமனையில் எங்கள் வீட்டில் விளக்கேற்றுகிற நேரம். போனைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்பவர் என் வீட்டுக்காரர். கூடத்திலிருந்து அடுக்களை வரைக்கும் நான் நடந்து காட்டவேண்டும். தினமும் நடக்கிற பரீட்சை இது.

கூடம் முழுக்க நன்றாகத்தான் நடந்தேன். இரண்டாம் கட்டுக்குப் போகிற நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொண்டன. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. எடு என்றால் எடுக்க மாட்டேன் என்கின்றன, அவ்வளவுதான். உடம்பு மட்டும் முன்னால் சாய்கிறது. அடுக்களையில் ரசம் நுரை கூட்டுகிற வாசனை வருகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பொங்கி வழிந்துவிடும் என்று தெரிகிறது. நாலு விரல் உயரமுள்ள அந்த மரப்பலகையைத் தாண்ட முடியவில்லை.

"அம்மா? ஏன் நின்னுட்டே?"

"ரசம் பொங்கறதான்னு பாக்கறேண்டா."

"அங்கேர்ந்தேவா?"

என் வீட்டுக்காரர் சட்டென்று போனைத் திருப்பி மேலே ஓடுகிற மின்விசிறியைக் காட்டினார். "ஹரி, கேக்கறதா? ரேஞ்ச் போயிடுத்து போலருக்கு. ஹலோ... ஹலோ..." என்று வைத்துவிட்டார். ரேஞ்ச் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது.

போனை வைத்த கையோடு என்னைப் பிடிக்க வந்தார். "தொடாதேள்! விழுந்துடுவேன்!" என்று சீறினேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த நாளிலும் அப்படித்தான். வழியை அடைத்துக்கொண்டு நான் நிற்க, ரசம் பொங்கி வழிந்து, அடுப்பே அணைந்துபோன பிறகுதான் என் வலது கால் மனமிரங்கியது.

இன்னொரு தடவை விழுந்தால்

ஹரி கெட்ட பிள்ளை இல்லை. குளியலறையில் நான் விழுந்து நெற்றியில் தையல் போட்ட அன்றைக்கு, கிடைத்த விமானத்தைப் பிடித்து ஓடிவந்தவன். தையலைப் பார்த்து அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னான்.

"இன்னொரு தடவை நீ விழுந்தா வீட்டைப் பூட்டறோம். ரெண்டு பேரும் என்னோட வரேள். அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் ஃப்ளாட்டில் வாசற்படி என்று ஒன்றும் கிடையாது, வழவழவென்று ஒரே தரை. லிஃப்ட் இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. இங்கே காய்கறி வண்டிக்காரன் மலையாளத்தில் என்னிடம் சண்டை போடுவான், நான் தமிழில் அவனிடம் சண்டை போடுவேன், கடைசியில் கறிவேப்பிலையைச் சும்மா போட்டுவிட்டுப் போவான். அங்கே நான் யாரோடு சண்டை போடுவது? காலையில் லிஃப்ட்டில் கீழே இறக்கி, சாயங்காலம் மேலே ஏற்றி வைக்கிற ஒரு சாமானாகிவிடுவேன்.

ஆனால் எங்கள் வீடு எனக்கு எதிரி. அக்ரஹாரத்து வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை. தெருக்கதவைத் திறந்து வைத்தால் கொல்லைக் கிணறு தெரியும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிலை, நிலைக்கு அடியில் ஒரு படி. தெருவாசலையும் சேர்த்து ஐந்து.

பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கால் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் வாசல் தாண்டுகிற இடத்தில்தான் என்று டாக்டர் சொன்னார். "எங்க வீட்டுல வாசலை விட்டா வேற என்ன இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓணத்தில் வீசாத கை

இந்தத் தொடரில் ஆபீஸ் கதைகளைப் போன வாரத்தோடு ஏறக்கட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தேன். ஒன்று மிச்சமிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸில் ஓணம் என்றால் தரையில் பூக்களம், இலைபோட்டுச் சத்யை விருந்து, அப்புறம் பெண்களின் கைகொட்டிக்களி. வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கைதட்டி ஆடுகிற ஆட்டம். அந்த வட்டத்தில் நான் ஒருத்திதான் தமிழ்க்காரி. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து மேஜை ஓமனா. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பழகுவோம். "பட்டத்தி குனியறதைப் பாரு, கீழே விழுந்த குண்டூசியைத் தேடற மாதிரி" என்று கேலி செய்வாள். தமிழ்ப் பிராமணப் பெண்ணை இங்கே அப்படிச் சொல்வார்கள். அதில் கேலியும் இருக்கும், பாசமும் இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஓணம். ஒத்திகையில் ஓமனா ஆட்டத்தை நிறுத்தினாள். "ஜெயா, உன் இடது கை ஏன் வீச மாட்டேங்குது?" என்றாள். புடவைத் தலைப்பு இடிக்கிறது என்றேன். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஆடினேன். கை வீசவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த வியாதி என் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். ஆனால் அன்றைக்கு என் கால் ஓர் அடிகூடத் தப்பவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அஞ்சு காட்டிய இடவழி

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் அஞ்சுவிடம் அனுப்பினார். முறையாகச் சங்கீதம் படித்துவிட்டு, நோயாளிகளுக்கு இசையால் சிகிச்சை கொடுக்கத் தனியாகப் படித்த பெண். ஹரியை விடச் சின்னவள். சங்கீத சிகிச்சை என்றதும், கண்ணை மூடிக்கொண்டு வீணை கேட்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். போன முதல் நாளே அந்த அறையில் கொத்துப் பரோட்டா சத்தம் கேட்டது.

சத்தியமாக. திருநெல்வேலிப் பக்கத்து முருகேசன், தம்பானூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அவர் முன்னால் ஒரு தோல் மத்தளத்தைப் படுக்க வைத்து, கையில் இரண்டு குச்சியைக் கொடுத்திருந்தாள் அஞ்சு. இடது கை கொத்துகிறது, டக்கட டக்கட என்று. வலது கை சும்மா கிடக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், இடது கை விட்ட இடைவெளியில் வலது கை மெதுவாக எழுந்து ஒரு தட்டு தட்டிவிட்டு விழுகிறது.

"பயப்படாதீய அம்மா" என்றார் என்னிடம். "மொதல்ல எனக்கும் இது கல்லு மாதிரிதான் கெடந்துச்சு. தாளம் கேட்டா அதுக்குப் பொறுக்கல பாத்துக்கிடுங்க."

அஞ்சு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அவள் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். "காலை நடக்கச் சொல்ற வழி தலைக்குள்ள அடைஞ்சு போச்சு அம்மே. சாலைக் கடைத்தெருவில பிளாக் வந்தா நாம என்ன செய்யும்? இடவழியில, சின்னச் சந்துல, கேறிப் போகும் இல்லே? அதேபோலே, காது வழியா ஒரு இடவழி உண்டு. தாளம் அதுல போய் காலுக்குச் சொல்லும்."

"அப்போ வியாதி போயிடுமா?"

"இல்ல அம்மே. மாத்திரை மாத்திரைதான். வியாதி அங்கயே இருக்கும். நாம அதைச் சுத்திப் போகும்."

பொய் சொல்லாததால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

என்னை அங்குமிங்கும் நடக்கவிட்டு, என் நடை எவ்வளவு வேகம் என்று பார்த்தாள். அதே வேகத்துக்குப் போனில் ஒரு தாளத்தை வைத்தாள். டிக், டிக், டிக். ஒட்டிக்கொண்ட கால் அந்தச் சத்தத்துக்கு எடுத்து வைத்தது. எனக்கே நம்பமுடியவில்லை. கதவருகில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வேகத்தை மாத்திரம் கூட்டப்பாடில்ல, கூட்டவே கூடாது" என்றாள் அஞ்சு. இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மும்முரத்தில் இருந்தார்.

மேல்காலம்

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் பாங்கைச் சொல்ல மாட்டார்கள், ஜால்ராவைச் சொல்வார்கள். சனிக்கிழமை பஜனையில் அவர்தான் ஜால்ரா. வீட்டில் எனக்கு ஒருநாளும் போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

பஜனை கேட்டவர்களுக்குத் தெரியும். நாமாவளி மெதுவாக ஆரம்பிக்கும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்புறம் மேல்காலத்துக்கு ஏறும். கைதட்டல் வேகமாகும், குரல்கள் உயரும், கடைசியில் ஜால்ரா தனித்தனியாகக் கேட்காது, ஒரே இரைச்சலாக இருக்கும். அப்படி ஏற்றத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே பெயர். பஜனை மண்டபத்துக் கூட்டத்தையே எழுந்து ஆடவைக்கிற கை அவருடையது.

அவருக்கு அந்த டிக் டிக் பிடிக்கவில்லை. "மூடாத குழாய் சொட்டறாப்ல இருக்கு. பகவான் நாமத்துக்கு இல்லாத சக்தியா இந்தப் போனுக்கு? நான் இருக்கச்சே உனக்கு மெஷின் எதுக்குடி?" என்றார்.

ஒரு சாயங்காலம், கோயில் வரைக்கும் நடக்கலாம் வா என்று கிளம்பிவிட்டார். தெருக்கோடியில் கோயில். கோயிலைத் தாண்டினால் தெரு சரிந்து ஆற்றுக்கு இறங்கும். அவர் ஜால்ராவோடு முன்னால், நான் பின்னால். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் எனக்குப் பத்தடி முன்னால் போய்த்தான் அவருக்குப் பழக்கம்.

முதலில் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! கணீர் கணீர் என்று ஜால்ரா, அதற்கு என் கால். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. எதிர்வீட்டு மாமி ஜன்னலிலிருந்து, "ஜெயா, ஜம்முனு நடக்கறயே!" என்றாள். பெங்களூராவது, லிஃப்ட்டாவது!

மாமி பாராட்டியதும் அவர் கைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு சுற்று முடிந்தது. கை ஏறியது.

என் காலும் ஏறியது. அடி சின்னதாயிற்று, இன்னும் சின்னதாயிற்று, ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி ஓட ஆரம்பித்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. சாயச் சாயக் கால் இன்னும் வேகமாக ஓடிப் பிடிக்கப் பார்த்தது. "ஏன்னா!" என்றேன். எனக்கு இந்த வியாதியில் குரலும் தாழ்ந்துவிட்டது. ஜால்ராவில் அது முழுகிப்போயிற்று. அவர் திரும்பவே இல்லை. நாமம் ஏறிக்கொண்டே போகிறது.

விழப்போகிறேன் என்பதுகூட எனக்குப் பயமாக இல்லை. நிற்க முடியவில்லையே என்பதுதான் பயம். ஒட்டிக்கொண்ட கால் ஒரு பயம் என்றால், நிற்காத கால் அதைப்போல் பத்து மடங்கு. கோயில் தாண்டிப்போகிறது, சரிவு வருகிறது, கீழே ஆறு. என் கால்களை நானே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாரோ நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்தேன். ஸ்கூட்டரும் நானும் சேர்ந்து விழுந்தோம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஜால்ரா நின்றது. ஓடிவந்தார். என் உள்ளங்கையில் தோல் வழன்று மண்ணும் ரத்தமுமாக இருந்தது. முட்டியிலும் அடி. அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உதடு அசைந்தது. சுவாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்தேன், இல்லை.

"ஹரிகிட்ட சொல்லிடாதே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிற்கப் படிப்பது

அன்றைக்கே ஜால்ராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். சனிக்கிழமை பஜனைக்கும் போகவில்லை. அடுத்த தடவை அஞ்சுவிடம் போனபோது வாய் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாளம் அத்தனை நல்லா ஏறிப் பிடிச்சிருக்கு, அதான் கால் ஓடிருக்கு" என்றாள். அப்புறம், "தப்பு எனக்கும் உண்டு. நடக்கச் சொல்லித் தந்தேன், நிக்கச் சொல்லித் தரல" என்றாள்.

அவள் கேட்ட அடுத்த கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. "அம்மே, கேக்கற பாட்டு வேண்டாம். அம்மேடெ காலுக்குத் தெரிஞ்ச பாட்டு ஏதாவது உண்டா?"

எனக்குப் பாட்டே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மத்தியான வெளிச்சத்தில் சுவரோரம் தள்ளிய மேஜைகள் ஞாபகத்துக்கு வந்தன. கைகொட்டிக்களி தெரியும் என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! "அய்யோ, அதுல நிக்க இடம் உண்டே!" என்றாள்.

உண்மைதான். அதில் ஒரு சுற்று போனதும், மறுபக்கம் திரும்புவதற்கு முன்னால் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஒரு தட்டு தட்டி, நிற்கவேண்டும். நின்றால்தான் அடுத்த அடி. நின்ற இடத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் ஓமனா என்னை அத்தனை திட்டினாள். வார்த்தை வேண்டாம் என்று சொல்லி அஞ்சு வெறும் சொற்கட்டாக எனக்கு வைத்துக் கொடுத்தாள். தை, தை, தைதை, தோம். தோம் வந்தால் இரண்டு காலும் சேர்ந்துவிட வேண்டும். நடப்பதை விட்டுவிட்டு அந்தத் தோமை மட்டும் பழகினோம். கால் ஒட்டிக்கொண்டால் இழுக்கக்கூடாது. நின்ற இடத்திலேயே இடதும் வலதுமாக உடம்பை மெதுவாக அசைத்து, பாட்டை முணுமுணுத்து, கால் லேசாகும்போது எடுக்கவேண்டும். பாட்டு என் வாயிலிருந்து வரவேண்டும், வேறு யார் கையிலிருந்தும் வரக்கூடாது.

"அப்போ நான்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அப்பா கை தட்டலாம். ஆனா அம்மேடெ குதிகாலைப் பாக்கணும். குதிகால் விழுந்தப்புறம்தான் கை."

"அதாவது நான் பக்கவாத்தியம்?"

"அதே."

அவரால் முடியவில்லை. பாவம், எவ்வளவோ முயற்சி செய்தார். நாலு தட்டு சமமாக வரும், ஐந்தாவது ஏறிவிடும். ஆயுசு முழுக்க ஏற்றியே பழகிய கை. வியர்த்து வழிந்தது அவருக்கு. "மோளே, இந்தக் கை சொன்னாக் கேக்க மாட்டேங்கறது" என்றார்.

"என் கால் மட்டும் கேக்கறதாக்கும்!" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம். விழுந்ததற்கப்புறம் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

சொல்லாமல் வந்தவன்

வீட்டில் போன் பரீட்சை மட்டும் நின்றபாடில்லை. ஒருநாள் காலில் எண்ணெய் தேய்த்திருக்கிறேன், வழுக்கும் என்றேன். ஒருநாள் தரை துடைத்திருக்கிறது. ஒருநாள் கரண்ட் இல்லை. எனக்குக் காரணம் தீர்ந்துகொண்டே வந்தது. போன் மணி அடித்தால் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை. அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தால், தோளில் பையோடு ஹரி நிற்கிறான். சொல்லவில்லை, கொள்ளவில்லை. சந்தோஷத்தில் அவன் கன்னத்தைத் தொட்டேன். தொட்ட கையை அப்படியே பிடித்துக்கொண்டான். உள்ளங்கையைத் திருப்பினான். புண் ஆறிப் புதுத்தோல் சிவப்பாக மின்னியது.

"எப்போ?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவர் சொன்னார். "நான்தான் தள்ளினேண்டா. என் ஜால்ரா தள்ளித்து."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன். போனை எடுத்துக் காட்டினான். மூன்று டிக்கெட். மறுநாள் மத்தியானம்.

"பெட்டி கட்டுங்கோ. மதி."

தமிழில் அழுகை வந்துவிடும் என்றால் ஹரி மலையாளத்துக்குப் போய்விடுவான், பள்ளிக்கூட நாளிலிருந்தே. போதும் என்பதைத்தான் மதி என்றான்.

"ஒரு தடவை பாரு ஹரி" என்றேன். "கொல்லையிலேர்ந்து தெருவாசல் வரைக்கும். அஞ்சு படியும் தாண்டறேன். விழுந்தா நானே பெட்டி கட்டறேன். ஆனா நீ என்னைப் பிடிக்கப்படாது."

"அம்மா, ப்ளீஸ்..."

"பிடிக்கப்படாது."

கிணற்றடியில் போய் நின்றேன். கதவுகளெல்லாம் திறந்து, அந்தக் கோடியில் தெரு சின்னதாகத் தெரிந்தது. ஓர் ஆட்டோ போயிற்று. எனக்குப் பின்னால் ஹரி, பக்கத்தில் அவர். முன்னால் போகாமல் அவர் என் பக்கத்தில் நின்றது எனக்கே புதிதாக இருந்தது.

தை, தை. அடுக்களைப் படி தாண்டினேன். வீட்டில் தினமும் பழகியதில், கை தட்டல் என் குதிகாலுக்குப் பின்னால் சரியாக வந்தது. தைதை, தோம். நின்றேன். மறுபடி எடுத்தேன். அடுத்த படியும் தாண்டியாயிற்று. எதிரே இரண்டாம் கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருக்கிற படி, ரசம் பொங்கின அன்றைக்கு என்னை நிறுத்தி வைத்த அதே படி.

ஒட்டிக்கொண்டது.

ஹரி பாய்ந்து வந்தது தெரிந்தது. "தொடாதேடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஹரி அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தட்டலுக்காக நான் காத்திருந்தேன். தட்டல் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, என் குதிகாலையே கண்கொட்டாமல் பார்த்தபடி நிற்கிறார். குதிகால் விழுந்தால்தானே கை! அஞ்சு சொன்னதை இப்போது போயா இத்தனை சிரத்தையாகக் கேட்கவேண்டும் இந்த மனுஷர்!

என்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை என்று அப்போது புரிந்தது. பாட்டை முணுமுணுத்தேன். இடது பக்கம் சாய்ந்தேன். வலது பக்கம். இடது. எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு ஓர் ஓணமே வந்துபோன மாதிரி இருந்தது. வலது கால் லேசாயிற்று. எடுத்துப் படிக்கு அப்பால் வைத்தேன்.

டப் என்று ஒரு தட்டு விழுந்தது.

கூடம். அடுத்த படி. ரேழி. தெருவாசல் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாமி வாசலுக்கே வந்து நிற்பது தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது. தட்டல் ஏறியது.

பகவானே, ஏறியது! பழைய கை. என் அடி சின்னதாயிற்று. உடம்பு சாய்ந்தது. தெருவாசல் படிக்கு அப்பால் இரண்டு கல்படி, அதற்கு அப்பால் தெரு. கால் ஓட ஆரம்பித்துவிட்டது, ஸ்கூட்டரைக் கட்டிப்பிடித்த அன்றைக்கு ஓடின மாதிரியே. காதில் அவர் தட்டல் மட்டும்தான் கேட்டது. என் பாட்டு எங்கே போயிற்று என்று தேடினேன்.

"தோம்!" என்று கத்தினேன்.

முணுமுணுப்பாக இல்லை, கத்தல்தான். வியாதி வந்தபிறகு என் வீட்டில் யாரும் கேட்டிராத குரல். இரண்டு காலும் சேர்ந்தன. நிலைப்படிக்கு இந்தப் பக்கம், கட்டைவிரல் மரத்தைத் தொட, நின்றேன்.

அவருடைய தட்டல் மட்டும் நிற்காமல் டப் டப் டப் என்று என்னைத் தாண்டித் தெருவுக்குப் போய், பிறகு நின்றது.

"ஓடறேள்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். ஹரியின் இரண்டு கைகளும் என் தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தன. தொடவில்லை. அவன் அப்படியே ரேழித் தரையில் உட்கார்ந்தான். "நான் பிடிச்சிருப்பேன்மா" என்றான்.

"பிடிச்சிருந்தா விழுந்திருப்பேன்."

பிறகு போனை எடுத்து ஏதோ தட்டினான். மறுநாள் அவன் மட்டும் போனான். "ஓணம் வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வேண்டாம் என்றோ சரி என்றோ சொல்லவில்லை.

எனக்கும் தெரியும். வியாதி எங்கேயும் போய்விடவில்லை. சில நாள் பாட்டு வருகிறது, கால் வருவதில்லை. மாத்திரை வேலை செய்யாத மத்தியானங்களில் இரண்டுமே வருவதில்லை. ஓணம் வரைக்கும் என்பது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று காலண்டரைப் பார்க்காமலே தெரிகிறது.

இப்போதும் விளக்கேற்றுகிற நேரத்துக்குப் போன் வருகிறது. பரீட்சைதான் மாறிவிட்டது. நான் நடந்துகொண்டே இருக்கும்போது, முன்கூட்டிச் சொல்லாமல், நினைத்த இடத்தில், "அம்மா, நில்லு" என்கிறான் ஹரி.

நேற்றும் சொன்னான். நின்றேன்.

"எங்கேம்மா? ஒண்ணுமே தெரியலையே. அப்பா, போனை ஆட்டாம பிடி. எதுக்கு இப்படி நடுங்கறது?"

அவருக்குப் பார்க்கின்சன் கிடையாது.